இரவு 8.47

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் எனக்கு ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து, அதற்குள் இருக்கும் இன்னொரு பையைப் பிரித்து, நாலாக மடித்த கடதாசியை எடுத்து நீட்டுவார்கள். மடிப்பு வழியே கிழிந்து நாலு துண்டாகியிருக்கும். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், இந்தியாவுக்குப் போன பெரியப்பாவின் பாஸ்போட். துண்டுகளை மெஷின் கண்ணாடியில் பொருத்தி வைக்கும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சம் நாங்கள், எங்கள் சனத்துக்குக் கடதாசி லேசான விஷயமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று அத்தாட்சி கேட்டது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவரிடம் அது எங்கே இருக்கும்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். நாடற்றவர்கள் என்ற பேச்சு 2003இல் வந்த சட்டம் வரைக்கும் இழுத்தது. அப்புறம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆட்களே மண்ணுக்குள் போன இடத்தில் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் என் மனதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து, கொப்பி எடுக்க வருகிறவர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு ஸ்கேனும் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அதுதான் வளர்ந்து இணையத்தளமானது. முதலில் கடையிலேயே ஒரு பழைய லெப்டொப்பில் ஓடியது. 2022இல் கரண்ட் வெட்டு ஒரு கட்டத்தில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனபோது அது சரிவராமல், மாதம் 6 டொலருக்குச் சிங்கப்பூரில் ஒரு சின்ன சேர்வர், அதாவது தளம் ஓடுவதற்கான கணினி, வாடகைக்கு எடுத்து, தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நானே போட்டேன். பழைய படங்கள், தோட்டத்துக் கதைகள் எல்லாரும் பார்க்கலாம். நாற்பத்து மூன்று குடும்பங்களின் பத்திரங்கள் தனிப்பட்ட பக்கங்களாக உள்ளே இருந்தன. உள்ளே போகக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது பொகவந்தலாவைப் பக்கம் இருக்கும், ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். எழுத்துப்பிழை பார்ப்பது, படங்களுக்கு விபரம் எழுதுவது எல்லாம் அவர்தான்.

ஜூன் மாதத்தில் தளம் திடீரென்று மந்தமானது. ஒரு படம் ஏற்ற மூன்று நிமிடம் எடுத்தது. இரவு கடையைச் சாத்திவிட்டு சேர்வரின் லொக்கை, அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவேட்டை, திறந்து பார்த்தேன். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட், ஒரக்கிள் என்று ஏதேதோ பெயரில் யார் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஒரே நாளில் ஒன்பதாயிரத்துக்கு மேல். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, வெளியே அடைமழை, குளிர் வேறு.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அதில் என்னைக் குறிவைத்தவர் யாரும் இல்லை. இணையத்தில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க உதவும் இலக்கம்தான் ஐபி முகவரி. உலகத்தில் இருக்கும் பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸீமேப் என்ற கருவி, நல்ல இணைப்பு இருந்தால், 45 நிமிடத்துக்குள் அத்தனையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். மலையில் நிரை பிடித்து ஒரு செடி விடாமல் கொழுந்து எடுப்பது மாதிரி, இந்த ரோபோக்களும் ஒரு முகவரி விடாமல் தட்டிக்கொண்டு போகின்றன. உங்கள் சேர்வர் இன்று காலை பிறந்திருந்தாலும் மத்தியானத்துக்குள் தட்டு விழும்.

ஆனால் வேர்ட்பிரஸ் பக்கம் வந்த தட்டுகளில் ஒரு வித்தியாசம் இருந்தது. அங்கே அட்மின் என்று கேட்காமல், என் உண்மையான பயனர் பெயரையும் டீச்சருடையதையும் கேட்டார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். வேர்ட்பிரஸ்ஸே கொடுக்கிறது. முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் ஓதர் என்ற சொல்லும் ஒன்று என்ற இலக்கமும் போட்டால், அந்த இலக்கத்துக்குரியவரின் பெயரோடு ஒரு பக்கம் திறக்கும். இன்னொரு வாசல் வழியாக, எழுதியவர்களின் பட்டியலையே கேட்டு வாங்கலாம். இரண்டையும் மூடினேன். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்று வெளிச் செயலிகளுக்கான ஒரு பழைய வாசல், அதையும் மூடினேன்.

சேர்வருக்குள் பாஸ்வேர்ட் போட்டு நுழையும் வழியை நிறுத்தி, சாவிக் கோப்பு இருந்தால் மட்டும் நுழையலாம் என்று மாற்றினேன். இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரியாமல் ஒரு வாரம் ஏமாந்திருந்தேன். பிரதான அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் வேண்டாம் என்று எழுதினேன். ஆனால் சேர்வரை முதன்முதலில் தயார் செய்யும்போதே அதை வாடகைக்குக் கொடுத்த கம்பனியின் அமைப்பு இன்னொரு சின்னக் கோப்பைப் பக்கத்துக் கோப்புறையில் போட்டு வைத்திருந்தது. அதில் பாஸ்வேர்ட் ஆகும் என்று இருந்தது. எது முதலில் வாசிக்கப்படுகிறதோ அதுதான் செல்லும். ஆகவே கோப்பில் என்ன எழுதினோம் என்பதை நம்பாமல், சேர்வருக்குள் நுழைவதைக் கவனிக்கும் எஸ்எஸ்எச்டி என்ற நிரலின் கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ஆங்கிலப் பெரிய டீயும் போட்டு, உண்மையில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, மாற்றிவிட்டு பழைய ஜன்னலை மூடாதீர்கள். புதிதாக ஒன்றைத் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள்.

அப்புறம், திரும்பத் திரும்பத் தட்டுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் என்ற நிரலைப் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை பிழை விட்டால் அந்த முகவரியைப் பத்து நிமிடத்துக்கு வெளியே நிறுத்தும், அதுதான் அதன் வழமையான கணக்கு. கோபத்தில் நான் அதை ஒரு வாரம் என்று மாற்றினேன். மூன்றாம் நாளே கஷ்டம் தெரிந்தது. எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் போன் டேட்டாவில்தான் இணையத்துக்கு வருகிறார்கள். போன் கம்பனிகள் எத்தனையோ பேரை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. எவரோ ஒருவருடைய போன் கெட்டுப்போய் தட்டினால், அதே முகவரியில் வரும் டீச்சருக்கும் கதவு மூடும். திரும்பவும் குறைத்து ஒரு மணித்தியாலமாக்கினேன்.

தினமும் காலையில் எத்தனை பேரைத் தடுத்தோம் என்று ஓர் அறிக்கை வரும். 212, 340, 187. அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க மனதுக்கு ஒரு தெம்பு. ஒரு மாதம் அந்தத் தெம்பிலேயே இருந்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கூடலூரிலிருந்து ஓர் அண்ணனின் வட்ஸ்அப் செய்தி வந்தது. ஒப்பந்தத்தில் போன குடும்பம். நீலகிரியில் இப்படிப் போனவர்களுக்காகவே அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகன். தன் தாத்தாவின் படம் இருக்கும் பக்கத்தைக் கூகுளில் தேடியிருக்கிறார். "தம்பி, தாத்தா பேருக்குக் கீழ சூதாட்ட விளம்பரம் மாதிரி வருதே, பாத்தீங்களா?" என்று படமும் பிடித்து அனுப்பியிருந்தார்.

நான் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, தாத்தாவின் வரலாற்றுக்கு நடுவில், சூதாட்டத் தளங்களுக்குப் போகும் பதினொரு தொடுப்புகள் (லிங்க்). இன்னும் இரண்டு பக்கங்களிலும் அப்படியே. மூன்றையும் கடைசியாகத் திருத்தியவர் யார் என்று பார்த்தால், டீச்சர்.

வெப் சேர்வரின் லொக்கைத் தோண்டினேன். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆகவே விபரமாக எழுதுகிறேன். வேர்ட்பிரஸ்ஸின் லொகின் பக்கத்துக்கு ஒருவர் பிழையான பாஸ்வேர்ட் அனுப்பினால், லொக்கில் 200 என்று பதிவாகும். சரியான பாஸ்வேர்ட் என்றால் உள்ளே அனுப்பிவைக்கும், அது 302 என்று பதிவாகும். பார்த்தால் 200தான் நல்ல சேதி மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான 200களுக்கு நடுவில் 302ஐ மட்டும் பிரித்து எடுத்தேன். என்னுடையவை சில, டீச்சருடையவை சில. அதில் செவ்வாய்க்கிழமை, 20:47:11 என்று ஒரு வரி.

உண்மையைச் சொன்னால், அந்த வரியை வியாழக்கிழமையே ஒரு தடவை பார்த்திருந்தேன். இரவு எட்டு நாற்பத்தேழு. டீச்சர் சாப்பிட்டுவிட்டு வேலை செய்ய உட்காரும் நேரம். சரி, டீச்சர்தான் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இப்போது அவருக்குப் போன் எடுத்தேன்.

"டீச்சர், செவ்வாக்கிழமை ராத்திரி எட்டே முக்கால் போல உள்ள வந்து ஏதாவது மாத்துனீங்களா?"

"செவ்வாக்கிழமையா? அன்னைக்கி ஏழு மணிக்கே கரண்ட் போயிருச்சே தம்பி. லைன்ல மரம் விழுந்து விடியத்தான் வந்துச்சு. மெழுகுவர்த்திய அணைச்சிட்டுப் படுத்துட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே அந்த வரியை மறுபடி பார்த்தேன். நேரத்துக்குப் பின்னால் ஒரு கூட்டல் அடையாளமும் நாலு பூச்சியமும் இருந்தன. அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் கூட. 20:47 என்றால் இங்கே புதன் அதிகாலை 2.17.

அந்த ஐபி முகவரி நாங்கள் இருவரும் காலடி வைக்காத ஒரு நாட்டுடையது. அதிலிருந்து வந்த தோல்விகளை எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. ஒரே தடவை வந்து, முதல் தடவையிலேயே சரியான பாஸ்வேர்ட் போட்டு, உள்ளே போயிருக்கிறார்கள். ஃபெயில்டுபேன் தோல்விகளைத்தான் எண்ணும். தோற்காத ஒருவரை அதற்குத் தெரியாது. நானும் ஒரு மாதமாக அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், தோற்றவர்களை.

பாஸ்வேர்ட் எப்படிப் போனது என்று தேட அதிக நேரம் எடுக்கவில்லை. டீச்சர் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் வைத்திருந்தார். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் சாமான் வாங்கப் பதிந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து அது கசிந்திருக்கிறது. ட்ரோய் ஹன்ட் என்பவர் 2013இலிருந்து நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைப் போட்டுப் பார்த்தால், எந்தக் கசிவில் அது சிக்கியிருக்கிறது என்று காட்டும். டீச்சருடையது காட்டியது. "என்னாலயா தம்பி இப்பிடி ஆச்சு?" என்று அவர் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. அவரால் இல்லை. கதவுக்கு இரண்டாவது பூட்டு போடாதது நான்.

அன்று இரவு செய்த வேலைகள்: டீச்சரின் பாஸ்வேர்ட்டை மாற்றினேன். அமைப்புக் கோப்பில் இருக்கும் இரகசியச் சாவிகளை மாற்றினேன், அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படுவார்கள். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய பிரதியை வைத்திருப்பதால் தாத்தாவின் பக்கத்தைப் பழையபடி மீட்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. மூலக் கோப்புகளில் ஏதும் நுழைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன், சுத்தம். டீச்சரின் கணக்கு எடிட்டர் தரம்தான். எடிட்டரால் பிளகின் என்ற துணை நிரல் எதையும் புதிதாகப் போட முடியாது, அது எங்களைக் காப்பாற்றியது.

முடிந்தது என்று எழும்பப் போகும்போதுதான், டீச்சரின் சுயவிபரப் பக்கத்தின் அடியில் ஒன்றைக் கண்டேன். அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் என்று ஒரு வசதி, வேர்ட்பிரஸ் 5.6இலிருந்து இருக்கிறது. வெளியிலிருக்கும் செயலிகள் உள்ளே வேலை செய்யக் கொடுக்கும் தனிச் சாவி. அங்கே ஒரு சாவி இருந்தது, பெயர் என்று நாலு எழுத்து அர்த்தமில்லாமல். நாங்கள் உருவாக்கியதல்ல. பிரதான பாஸ்வேர்ட்டை எத்தனை தடவை மாற்றினாலும் இந்தச் சாவி செத்துப்போகாது, தனியாக அழிக்க வேண்டும். பாஸ்வேர்ட் மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அடுத்த நாளே திரும்பி வந்திருப்பார்கள். இதைப் படிக்கிற யாராவது வேர்ட்பிரஸ் வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அந்த இடத்தைப் பாருங்கள்.

பத்திரங்கள்? எடிட்டரால் தனிப்பட்ட பக்கங்களைத் திறக்க முடியும். லொக்கில் அந்த முகவரியின் நடமாட்டத்தை வரி வரியாகப் படித்தேன். மொத்தம் நாலு நிமிடம். மூன்று பக்கங்களைத் திருத்தியதும், அந்தச் சாவியை உருவாக்கியதும் தவிர வேறில்லை. பத்திரப் பக்கங்கள் எதையும் கேட்கவில்லை, ஒரு படக்கோப்புகூட இறங்கவில்லை. அந்தச் சாவி பிறகு ஒரு தடவையும் பயன்படவில்லை. தொடுப்பு ஒட்டிவிட்டுப் போகும் ரோபோ. ஆனாலும் கதவு திறந்து கிடந்தது உண்மை. அது என்னை நம்பிக் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் சொன்னேன். போன் உள்ளவர்களுக்குப் போனில். மற்றவர்களிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். தலவாக்கலைக்கு அப்பால், மேல் பிரிவு லயத்தில் எல்லாரும் அம்மாயி என்று கூப்பிடும் ஒருவர், 2003க்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தவர். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இருக்கே ராசா. ஒன்னும் கொண்டு போகலயே."

கொப்பியைக் களவெடுத்தால் அசல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று விளக்கினேன். பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப என் பேர வச்சி வேற எவளாச்சும் நான்தான்னு சொல்லிக்கிட்டுப் போவாளா?" என்று கேட்டார். கணினியைக் கண்ணால் பார்த்திராத அவர் கேட்ட கேள்விதான் இந்த விஷயம் முழுவதும். அப்படி நடக்கவில்லை அம்மாயி, நடக்கவும் விடமாட்டேன் என்றேன்.

திரும்பி வந்து பத்திரங்கள் எல்லாவற்றையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு ஹாட் டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று கடையில், ஒன்று வேறொரு வீட்டில். இரண்டும் பூட்டுச் சொல் போட்டவை, எதுவும் இணையத்தோடு இணைந்ததில்லை. முதல் நாளே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். எங்கிருந்தும் பார்க்கலாம் என்ற வசதி எங்கள் இருவருக்கும்தான் இருந்தது, அந்த வசதிக்காக வைக்கத் தகுந்த பொருளில்லை அது.

இரண்டாவது பூட்டு விஷயத்தில் தோட்டப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல். பாஸ்வேர்ட்டுக்கு மேல் கேட்கும் இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் வரும் முறை எங்களுக்குச் சரிவராது. டீச்சர் வீட்டில் சில நேரம் சிக்னல் பிடிக்க கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அதனால் போனிலேயே ஆறு இலக்கம் உருவாகும் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு சிக்னல் வேண்டாம், போனுக்குள் இருக்கும் கடிகாரமும் ஒரு இரகசியச் சாவியும் போதும், 30 விநாடிக்கு ஒரு தடவை இலக்கம் மாறும். போட்டால், டீச்சரின் இலக்கம் ஒவ்வொரு தடவையும் பிழை என்றது. ஏழெட்டுத் தடவை பார்த்தோம். தற்செயலாக அவர் போனையும் என் போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது. வேலைக்குப் போன காலத்தில் காலை ஆறேகால் பஸ் தப்பக்கூடாது என்று ஐந்து நிமிடம் கூட்டி வைத்துப் பழகியவர், இப்போதும் போனில் அப்படியே வைத்திருந்தார். சரியான நேரத்துக்கு மாற்றியதும் முதல் தடவையிலேயே திறந்தது.

புதிய பாஸ்வேர்ட்டை அவரே தெரிவு செய்தார். பழைய காலத்தில் ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பார்களே, அதுபோல ஒரு தடித்த தமிழ் அகராதியில் கண்ணை மூடி நூலைச் செருகி, விழுந்த பக்கத்தில் விரல் பட்ட சொல். ஆறு தடவை செருகி ஆறு சொல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஊகிக்க யாராலும் முடியாது, நாலு நாளில் அவருக்கு மனப்பாடம். போன் தொலைந்தால் பயன்படுத்தும் அவசர இலக்கங்களைக் கடதாசியில் எழுதி, தன் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

நான் காலை அறிக்கையை மாற்றிவிட்டேன். தடுத்தவர்களின் எண்ணிக்கை இப்போது அதில் இல்லை. உள்ளே வந்தவர்கள் மட்டும்: யார், எந்த முகவரி, எத்தனை மணி. சேர்வரின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டேன், மற்ற லொக்குகளோடு ஒப்பிட அது வேண்டும். எனக்கு வரும் அறிக்கையில் மட்டும் ஐந்தரை மணித்தியாலம் கூட்டி வருகிறது. இன்று காலை இரண்டு வரி இருந்தன. ஒன்று நான், நேற்றுப் பகல் கடையிலிருந்து. மற்றது டீச்சர், இரவு 8.20. கடை திறந்ததும் அவருக்குப் போன் எடுத்து, ராத்திரி உள்ளே வந்தது நீங்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் தம்பி, கூடலூர்த் தாத்தாவின் படத்துக்கு விபரம் எழுதினேன், வலது பக்கம் நிற்கிற பெண் யார் என்று அந்த அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.